இரண்டு கருவிக்கு ஒரு சின்ன பாக்ஸ்

ஞாயிறு காலை சர்ச்சில் பேஸ், மாலை கஃபேயில் அகூஸ்டிக் கிட்டார், வாரநாளில் யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடி அறையில் ரிகர்சல் என்று இரண்டு கருவியையும் மாறி மாறி வாசிக்கிறவர்களுக்காக இந்த அத்தியாயம். ஆம்ப் ஹெட் இன்று ஒரு பாரமே இல்லை. கிளாஸ்-டி சர்க்யூட் பரவிய பிறகு 300 வாட், 500 வாட் ஹெட்கூட சுமார் இரண்டு கிலோவுக்குள் அடங்கி, கிட்டார் உறையின் பக்கப் பையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டிரேஸ் எலியட்டின் எல்ஃப் 200 வாட் கொடுக்கிறது. எடை முக்கால் கிலோதான். இப்போது சுமை என்று மிஞ்சியிருப்பது ஸ்பீக்கர் பாக்ஸ் மட்டுமே.

1969இல் ஆம்பெக் எஸ்.வி.டி. பேஸ் ஆம்ப்போடு வந்தது எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டி. அதன் வழிவந்த எஸ்.வி.டி. 810இ மாடல் 63 கிலோ இருக்கும். அதை மேடையேற்ற இரண்டு ஆள் வேண்டும், கொண்டுவர வேன் வேண்டும். நாம் தேடுவது வேறு. தோளில் கருவி, ஒரு கையில் பாக்ஸ் என்று கல்யாண மண்டபத்தின் இரண்டு மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்காத பெட்டி. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிற்கிற பெட்டி. என் கணக்கில் அதன் எடை 13 கிலோவைத் தாண்டக்கூடாது. 10 கிலோவுக்குள் கிடைத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு சின்னப் பெட்டி பேஸையும் தாங்கி, கிட்டாரையும் கிட்டாராகவே ஒலிக்கவிடுமா? விடும். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

மூன்றில் இரண்டு

ஸ்பீக்கர் பெட்டி செய்கிற எல்லோரும் கட்டுப்பட்ட விதி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹாஃப்மனின் பெயரால் அதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். ஆழமான பேஸ் வேண்டும், பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், கொடுக்கிற வாட்டுக்கு நல்ல சத்தமும் வர வேண்டும்: இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். பிறகு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகள், எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளமான காற்றுக்குழாய் (போர்ட்) என்பதை மரம் அறுப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்ல வழி செய்தன. கணக்கு துல்லியமானதே தவிர விதி மாறவில்லை. சின்னப் பெட்டி, பெரிய பேஸ், மேடை அதிரும் சத்தம் என்று மூன்றையும் ஒரே விளம்பரத்தில் பார்த்தால், அதில் ஏதோ ஒன்று உண்மையில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டி சின்னது என்று நாம் முடிவு செய்துவிட்டோம். சத்தமும் வேண்டும். ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியது அடிமட்டத்து பேஸைத்தான். எவ்வளவு விடலாம், எதற்குக் கீழே விடக்கூடாது என்பதை அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

82 ஹெர்ட்ஸ்

நாலு ஸ்ட்ரிங் பேஸில் தடித்த ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டினால் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அந்த ஸ்ட்ரிங்கிலிருந்து 41 மட்டும் வருவதில்லை. அதன் மடங்குகளான 82, 123, 165 எல்லாம் சேர்ந்தே வருகின்றன. பல பேஸ் கிட்டார்களில் பிக்கப் வழியாக வெளியே வரும்போது 41ஐவிட 82தான் வலுவாக இருக்கும். நம் காதும் ஒரு வேலை செய்கிறது. 82, 123, 165 மூன்றும் தெளிவாகக் கேட்டால், 41 மெலிந்திருந்தாலும் மூளை அதை இட்டு நிரப்பி அடி ஈ என்றே அறிந்துகொள்கிறது. செல்ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில்கூட ஒரு பாட்டின் பேஸ் வரியை நம்மால் பின்தொடர முடிவது இதனால்தான்.

இப்போது அகூஸ்டிக் கிட்டாரை எடுங்கள். அதன் தடித்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை அதிர்வு அதே 82 ஹெர்ட்ஸ். பேஸின் அடி ஈ-யைக் காதுக்குச் சொல்லித்தரும் ஒலியும், கிட்டாரின் ஆகக் கீழான ஸ்வரமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இரண்டு கருவிக்கு ஒரு சின்ன பாக்ஸ் என்ற யோசனை செல்லுபடியாவது இந்த ஒரு பொருத்தத்தால்தான். 60 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து மேலே உறுதியாகவும் ஏற்ற இறக்கம் இல்லாமலும் ஒலிக்கிற பெட்டி இரண்டு கருவிக்கும் போதும். கிட்டாரில் ஆறாவது ஸ்ட்ரிங்கை டி-க்கு இறக்கினாலும் 73 ஹெர்ட்ஸ்தான். ஐந்து ஸ்ட்ரிங் பேஸின் அடி பி 31 ஹெர்ட்ஸ். அதன் இரண்டாம் மடங்கு 62. அதுவும் எல்லைக்குள் வந்துவிடுகிறது, ஆனால் ஓரத்தில். ஐந்தாவது ஸ்ட்ரிங்கிலேயே வாழ்கிறவர் சின்னப் பெட்டியோடு சமாதானமாக மாட்டார்.

41ஐயும் முழு பலத்தோடு கேட்டே தீருவேன் என்றால் அதற்கு விலை உண்டு. ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியாகும்போது ஸ்பீக்கர் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். 82இல் ஒரு மில்லிமீட்டர் அசைகிற கோன் 41இல் நாலு மில்லிமீட்டர் அசைய வேண்டும். சின்ன கோனுக்கு அவ்வளவு தூரம் ஓட இடமிருக்காது. வாட்டைக் கூட்டினால் பொத்பொத்தென்று அடிக்கும், கடைசியில் கிழியும். ஆம்ப்பில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் அதை எப்போதும் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பெடலாகத் தனியே வாங்கலாம். சின்னப் பெட்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் அதுதான்: கேட்காத அடியொலிக்காக கோன் வீணாக ஓடுவது நிற்கும், கேட்கிற ஒலி தெளியும்.

எத்தனை அங்குலம்?

பத்தா, பன்னிரண்டா, எட்டு இரண்டா என்று கேட்பதைவிட, மொத்தக் கோன் பரப்பு எவ்வளவு என்று கேட்பது சரி. 8 அங்குல ஸ்பீக்கரின் வேலை செய்யும் பரப்பு ஏறத்தாழ 220 சதுர சென்டிமீட்டர், 10 அங்குலம் 350, 12 அங்குலம் 520. ஃபில் ஜோன்ஸ் பேஸ் நிறுவனத்தின் பெட்டிகளில் 5 அங்குல ஸ்பீக்கர்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அப்படி நாலு சேர்ந்தால் பரப்பில் ஒரு 10 அங்குலத்துக்குச் சமம். ஆகவே அங்குலம் சின்னதாக இருப்பதைப் பார்த்து இதில் பேஸ் வராது என்று ஒதுக்கவும் வேண்டாம், நாலு ஸ்பீக்கர் இருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம்.

பெரிய கோனுக்கு ஒரு குறை உண்டு. ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டினால் 12 அங்குல கோனின் ஒலி நேர் எதிரே குவிய ஆரம்பிக்கும். முன்னால் நிற்கிறவருக்குக் கூர்மையாகவும், பக்கத்தில் நிற்கிற டிரம்மருக்கு மங்கலாகவும் கேட்கும். பேஸுக்கு அது பெரிய குறை இல்லை. அகூஸ்டிக் கிட்டாரின் உயிர் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது என்பதால், கிட்டாருக்கு அது முக்கியம். இங்கேதான் ட்வீட்டர் வருகிறது.

ட்வீட்டர்

பேஸ் பாக்ஸில் ட்வீட்டர் வேண்டுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். விரலால் மிருதுவாக வாசிக்கிறவர் அதை மூடியே வைத்திருப்பார். அகூஸ்டிக் கிட்டாருக்கோ ட்வீட்டர் இல்லாத பாக்ஸ் உதவவே உதவாது. எலெக்ட்ரிக் கிட்டார் பாக்ஸில் போடுகிற ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக அடங்கிவிடும். அது எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அழகு. அகூஸ்டிக்கை அதில் போட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

ஆனால் ட்வீட்டர் இருக்கிறது என்பதோடு திருப்தி அடையாதீர்கள். விலை குறைந்த பல பேஸ் பாக்ஸ்களில் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கெபாசிட்டரை மட்டும் வைத்துவிட்டு, பெரிய ஸ்பீக்கரை அதன் போக்கில் மேலே வரை ஓடவிட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி முரடாகும். பேஸில் ஸ்லாப் செய்யும்போது அது கார சாரமாகக்கூடத் தோன்றும். அதே இடத்தில் அகூஸ்டிக் கிட்டார் மூக்கால் பேசும். இரண்டு ஸ்பீக்கரையும் சரியாகப் பிரித்துக் கொடுக்கிற முழு கிராஸ்ஓவர் இருக்கிறதா என்று விவரத்தாளில் பாருங்கள், கடைக்காரரிடமும் கேளுங்கள்.

பின்பக்கம் ட்வீட்டருக்குத் தனி நாப் கட்டாயம் வேண்டும். வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச் போதாது. பேஸுக்குக் கால்வாசி, கிட்டாருக்கு முக்கால்வாசி என்று திருப்பிக்கொள்ள முடிந்தால்தான் ஒரே பெட்டி இரண்டு பெட்டியாகும். பெரிய ஸ்பீக்கரின் நட்ட நடுவில் ட்வீட்டர் பதித்த கோஆக்சியல் வகை கிடைத்தால் கவனியுங்கள். சின்ன மேடையில் ஒரு மீட்டர் தூரத்தில் நின்று கேட்கும்போது இரண்டு ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து வருவது பெரிய வசதி.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது

காந்தத்திலும் மரத்திலும். சாதாரண ஃபெரைட் காந்தம் வைத்த 12 அங்குல ஸ்பீக்கர் தனியாகவே 7, 8 கிலோ வந்துவிடும். நியோடிமியம் காந்தம் வைத்தது அதில் பாதிதான். ஜப்பானின் சுமிட்டோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே உருவாக்கிய காந்தம் இது. பேஸ் வாசிப்பவர்களின் முதுகைக் காப்பாற்றியதில் கிளாஸ்-டிக்கும் இதற்கும் சம பங்கு. நியோ என்றால் ஒலி மெலிந்துவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். காந்தம் எதனால் ஆனது என்பது கோனுக்குத் தெரியாது. காந்தப் புலம் எவ்வளவு, காயில் எப்படி, கோன் எப்படி என்பதுதான் ஒலியைத் தீர்மானிக்கும்.

மரத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெளி அளவு 40 சென்டிமீட்டர் உயரம், 40 அகலம், 35 ஆழம். ஆறு பக்கமும் சேர்ந்து 0.88 சதுர மீட்டர் பலகை. 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்.இல் செய்தால் மரம் மட்டுமே 12 கிலோ நெருங்கும். 12 மில்லிமீட்டர் பாப்ளர் பிளைவுட்டில் செய்தால் சுமார் 5 கிலோ. அதோடு 3.5 கிலோ நியோ ஸ்பீக்கர், ட்வீட்டர், கிராஸ்ஓவர், கிரில், கைப்பிடி எல்லாம் சேர்த்தாலும் 11 கிலோவில் நிற்கும். பிர்ச் பிளைவுட் இரண்டுக்கும் நடுவில்; கனம் கொஞ்சம் கூடுதல், உறுதி அதிகம்.

மெல்லிய பலகை உள்ளே குறுக்குச்சட்டம் இல்லாமல் நின்றால் பெட்டியே பாட ஆரம்பித்துவிடும். பக்கப் பலகையின் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். டொக் என்று சட்டென அடங்கினால் நல்லது. டங்ங் என்று நீண்டால் உள்ளே சட்டம் போதவில்லை. அந்த நீட்டல் உங்கள் ஒவ்வொரு ஸ்வரத்தோடும் சேர்ந்து ஒலிக்கும். போர்ட் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலும் குறுக்குச்சட்டம் தெரியும். இன்னொன்று: கடலோர ஊர்களில் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் ஆகாது. மூலையில் ஒருமுறை தண்ணீர் ஏறினால் உப்பி, ஸ்க்ரூ பிடிப்பு விட்டுவிடும்.

ஓம், வாட், டெசிபல்

8 ஓம் பாக்ஸையே வாங்குங்கள். பெரும்பாலான கிளாஸ்-டி ஹெட்கள் 4 ஓம் வரை இறங்க அனுமதிக்கும். இன்று ஒரு 8 ஓம் பாக்ஸ், நாளை அதே மாடலில் இன்னொன்று; இரண்டையும் சேர்த்தால் 4 ஓம் ஆகி ஹெட்டின் முழு வாட்டும் வெளியே வரும். முதலிலேயே 4 ஓம் பாக்ஸை வாங்கிவிட்டால், 4 ஓம் வரை மட்டுமே இறங்கும் ஹெட்டில் இரண்டாவதற்கு இடமில்லை. 4 ஓமில் 300 வாட் என்று எழுதிய ஹெட், ஒரு 8 ஓம் பாக்ஸுக்கு ஏறத்தாழ பாதி அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் கொடுக்கும். அது குறையில்லை, சின்ன மேடைக்கு அதுவே போதும்.

பாக்ஸின் முதுகில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். அது எவ்வளவு சூட்டை ஸ்பீக்கர் தாங்கும் என்பதுதான். எவ்வளவு சத்தம் வரும் என்பதல்ல. சத்தத்தைச் சொல்வது சென்சிடிவிட்டி: ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல். 3 டெசிபல் கூடுவது ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 97 டெசிபல் பாக்ஸுக்கு 100 வாட்டில் கிடைப்பது, 94 டெசிபல் பாக்ஸுக்கு 200 வாட்டில்தான் கிடைக்கும். அடி அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் பக்கத்தில் மைனஸ் 3 டெசிபலா, மைனஸ் 10 டெசிபலா என்று தேடுங்கள். மைனஸ் 10 என்றால் அந்த 40 பெயருக்குத்தான் இருக்கிறது. ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

ஹெட்டையும் பாக்ஸையும் இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும், முடிந்தால் ஸ்பீக்கான் பிளக்கோடு. கிட்டார் கேபிளும் பார்க்க அதே ஜாக்தான். உள்ளே மயிரிழைபோல் ஒற்றைக் கம்பி. அது சூடேறும், ஆம்ப்புக்கும் ஆபத்து.

கடையில் அரை மணி நேரம்

வாங்குவதில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். கடையில் நிற்கும்போது நம் காதை ஏமாற்ற ஒரு பழைய வழி இருக்கிறது. அடி பேஸ் இல்லாத சின்னப் பெட்டியில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேட்டைத் தூக்கி வைத்தால், கேட்டவுடன் கும்மென்று இருக்கும். ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு, இத்தனூண்டு பெட்டியில் எவ்வளவு பேஸ் என்று வியந்து வாங்கிவிடுவோம். மேடையில் அந்த மேடு கிக் டிரம்மோடு மோதிக் குழையும். அகூஸ்டிக் கிட்டாருக்கு அது இன்னும் கெடுதல். பெரிய உடல் கொண்ட அகூஸ்டிக் கிட்டாரின் உள்ளே அடைபட்ட காற்று இயல்பாகவே 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதிர்கிறது. பாக்ஸும் அங்கேயே துருத்திக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, நீங்கள் ஸ்ட்ரிங்கைத் தொடாதபோதே ஊம்ம்ம் என்று ஃபீட்பேக் கிளம்பும்.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். ஆம்ப்பில் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். பேஸ் கிட்டாரில் திறந்த ஈ-யிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒரே அழுத்தத்தில், நிதானமாக ஏறுங்கள். மூன்றாம் ஃப்ரெட் ஜி 49 ஹெர்ட்ஸ், ஐந்தாவது ஏ 55, ஏழாவது பி 62, பன்னிரண்டாவது ஈ 82. பிறகு திறந்த ஜி ஸ்ட்ரிங் 98; அதற்கு மேலும் நாலு ஃப்ரெட். எந்த ஸ்வரத்துக்குக் கீழே கனம் கரைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழாம் ஃப்ரெட் பி வரை உறுதியாக இருந்து, அதற்குக் கீழே மெல்ல மெல்ல இறங்கினால் நல்ல சின்னப் பெட்டி. சட்டென்று ஒரே ஸ்வரத்தில் விழுந்தால் வேண்டாம். திறந்த ஜி பக்கம் வரும்போது ஒரு ஸ்வரம் மட்டும் எகிறிக் குதித்தால், மேலே சொன்ன மேடு அதுதான்.

அடுத்து சத்தத்தை மேடை அளவுக்கு ஏற்றுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் ஒரு நிமிடம் அனுமதி கேளுங்கள். அடி ஈ-யை அழுத்தித் தட்டி, போர்ட்டின் முன்னால் உள்ளங்கையை வையுங்கள். காற்று வருவது இயல்பு. புஸ்ஸென்று ஓசையோடு வந்தால் போர்ட் குறுகல். பட்டென்று வெடித்தால் கோன் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. அந்தப் பெட்டியின் உச்ச சத்தம் அதற்கும் கீழேதான்.

இனி கிட்டார். ட்வீட்டரை முக்கால்வாசி திறந்து, எதுவும் வாசிக்காமல் முதலில் சும்மா கேளுங்கள். ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் ஒரு மீட்டருக்கு அப்பாலும் கேட்டால், மெல்லிய பாட்டு வாசிக்கிற இடத்தில் அது தொந்தரவு. பிக்கால் திறந்த ஜி கார்டை அடித்து நிறுத்துங்கள். ஆறு ஸ்ட்ரிங்கும் தனித்தனியே கேட்க வேண்டும்; கட்டியாக வந்தால் அடியிலோ நடுவிலோ ஏதோ மிகை. மெல்லிய ஈ ஸ்ட்ரிங்கில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை விரல் சதையால் தொடுங்கள், பிறகு நகத்தால். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத பாக்ஸ் கிட்டாருக்கு ஆகாது. நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பாக்ஸின் எதிரிலிருந்து பக்கவாட்டுக்கு நடந்து பாருங்கள். மேல் ஒலி எங்கே மறைகிறதோ அதற்கு அப்பால் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் கிட்டார் பாதிதான் கேட்கும்.

ஆம்ப்பின் இன்புட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே பேட்டரி ப்ரீஆம்ப் இருக்கிற கிட்டார் எதிலும் ஒத்துப்போகும். வெறும் பீசோ பிக்கப் மட்டும் இருந்தால் இன்புட் 10 லட்சம் ஓமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி மெலிந்து கிறீச்சிடும். அதற்கு பாக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, நடுவில் ஒரு ப்ரீஆம்ப் பெடல் வேண்டும்.

கடைசியாக பாக்ஸை ஒரு கையில் தூக்கிக் கடைக்குள் இரண்டு நிமிடம் நடங்கள். கைப்பிடி எடை மையத்துக்கு நேர் மேலே இல்லாவிட்டால் 10 கிலோகூட முழங்காலில் இடித்துக்கொண்டே வரும்.

மேடையில் வைக்கும் இடம்

பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைப்பதுதான் பலருக்கும் பழக்கம். சின்ன பாக்ஸுக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, ஒரு மீட்டர் தூரத்தில் 86 ஹெர்ட்ஸ் பக்கத்தை அடித்து இல்லாமல் ஆக்குகிறது. நாம் நம்பியிருக்கும் 82 அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே பெட்டியைச் சுவரோடு ஒட்டினாற்போல் வையுங்கள். போர்ட் பின்பக்கம் இருந்தால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சுவர் அடியொலியைத் தாங்கிப் பிடித்து இலவசமாக உதவும். பேஸுக்குத் தரையில் இருக்கட்டும். கிட்டாருக்கு ஒரு நாற்காலிமேல் ஏற்றினால் அடி குறைந்து தெளிவு கூடும், ட்வீட்டரும் காதுக்கு நேரே வரும்.

ஃபீட்பேக் வந்தால் வால்யூமைக் குறைப்பதற்கு முன் மற்றதைச் செய்யுங்கள். கிட்டாரின் சவுண்ட்ஹோல் பாக்ஸைப் பார்க்காமல் திரும்பி நில்லுங்கள். ஃபேஸ் பட்டன் இருந்தால் மாற்றிப் பாருங்கள். ரப்பர் மூடியால் சவுண்ட்ஹோலை அடையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நாட்ச் ஃபில்டரை 100இலும் 200இலும் வைத்துத் தேடுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் சிக்கும்.

ஹாலில் பி.ஏ. இருந்தால் ஹெட்டிலிருந்து டி.ஐ. லைனை மிக்ஸருக்குக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு பேஸ் கொடுக்க வேண்டியது பெரிய சப்வூஃபர்களின் வேலை. உங்கள் பாக்ஸ் உங்களுக்கும் பக்கத்து ஆளுக்கும் கேட்டால் போதும். பி.ஏ. இல்லாமல் முழு டிரம் செட்டோடு வாசிக்க வேண்டுமென்றால் ஒரு சின்ன பாக்ஸ் போதாது. அதே மாடலில் இரண்டாவதை மேலே அடுக்குங்கள். ஹெட்டின் கூடுதல் வாட்டும், இரண்டு கோன் சேர்ந்து காற்றைத் தள்ளும் பலனும் கூடி, அடியொலியில் 6 டெசிபல் வரை ஏறும். ஒரு கைக்கு ஒன்று என்று சமமாகத் தூக்கிக்கொள்ளவும் வசதி. ஒரே பாக்ஸில் ஒரே நேரத்தில் பேஸையும் கிட்டாரையும் விடுவது மட்டும் வேண்டாம். பேஸுக்காக கோன் முன்னும் பின்னும் ஓடும்போது கிட்டார் ஒலியும் அதோடு சேர்ந்து நடுங்கும்.

ஆசாரியிடம் செய்வதென்றால்

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்பீக்கர் வாங்கி, தெரிந்த ஆசாரியிடம் பெட்டி அடித்துக்கொள்வது சவுண்ட் சர்வீஸ்காரர்களின் வழக்கம். நன்றாகவே செய்யலாம், இரண்டு எச்சரிக்கையோடு. ஆசாரி கேட்காமலே 18 மில்லிமீட்டர் மரைன் பிளை எடுப்பார். வாழ்நாள் முழுக்க உழைக்கும். தூக்கினால் தெரியும் அதன் கனம். 12 மில்லிமீட்டர் போதும், குறுக்குச்சட்டம் மட்டும் வையுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, பழைய பாக்ஸ் ஒன்றின் அளவை அப்படியே எடுத்து வேறு ஸ்பீக்கரைப் பூட்டுவது. தீல், ஸ்மால் கணக்கு ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். எமினென்ஸ், செலஸ்டியன் போன்றவர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் அந்த எண்களை வெளியிடுகிறார்கள். வின்-ஐ.எஸ்.டி. என்ற இலவச மென்பொருளில் அவற்றைப் போட்டால் பெட்டியின் கொள்ளளவும் போர்ட்டின் நீளமும் வந்துவிடும். அந்த எண்கள் கிடைக்காத ஸ்பீக்கரை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம்.

எதை வாங்குவது

இரண்டு கருவியும் உங்களுக்குச் சரிபாதி என்றால்: நியோ காந்தம் வைத்த ஒரு 12 அங்குலம், முழு கிராஸ்ஓவர், நாப் உள்ள ட்வீட்டர், 8 ஓம், 13 கிலோவுக்குள். சின்ன இடங்களே அதிகம், டிரம்ஸ் அபூர்வம் என்றால் 10 அங்குலம் போதும். கிட்டார்தான் பிரதானம், பேஸ் எப்போதாவது என்றால் தனி பாக்ஸே வேண்டாம். ஏ.இ.ஆர். காம்பாக்ட் 60 போல 8 அங்குல ஸ்பீக்கரும் 60 வாட்டும் கொண்ட 6.5 கிலோ அகூஸ்டிக் ஆம்ப் கிட்டாருக்குப் பிரமாதமாக இருக்கும். ரிகர்சல் அறையில் அடக்கமாக வாசித்தால் பேஸையும் சமாளிக்கும். ஐந்து ஸ்ட்ரிங் பேஸ், சத்தமான பேண்ட் என்றால் ஒரு சின்ன பாக்ஸுக்காகச் செலவழிக்காதீர்கள். இரண்டுக்குப் பணம் சேரும்வரை பொறுங்கள்.

வாங்கப் போகும் நாளில் உங்கள் பேஸ், உங்கள் கிட்டார், உங்கள் ஹெட் மூன்றையும் கடைக்கு எடுத்துப் போங்கள். அரை மணி நேரம் வாசித்துப் பார்க்க விடாத கடையில் பாக்ஸ் வாங்காதீர்கள்.